செத்தவர்கள் தாளில் ரொமுலுஸ்

வெட்டூரியா நல்ல மனுஷி என்று இந்த ஊரில் நாலு பேர் சொல்வார்கள். நானும் சொல்வேன், ஆனால் முழுசாகச் சொல்வேன். முப்பத்தைந்து வருஷம் ஒரே ஒரு கோபத்தை அணையவிடாமல் வைத்திருந்தவள் அவள். ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைந்து முறுக்கேறிய கை, சுருக்கென்று குத்தும் வாய், படியேறினால் முனகும் முழங்கால், வயது அறுபத்தெட்டு. அவள் பழிவாங்கிய கதையை நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் ஒழுங்காகச் சொல்லப்போவதில்லை. அதில் பாதிக் குற்றம் என்னுடையது.

என் பெயர் எதெல்கா. ருமேனியாவில் ஒராதியா என்கிற ஊரில், பெரிய தெருவில் இருக்கும் ஃபுக்ஸ்ல் அரண்மனையில் டிக்கெட் கிழிக்கிறேன். அரண்மனை என்றால் ராஜா இருந்த இடமில்லை. மர வியாபாரத்தில் கொழித்த ஒருவர் 1909இல் கட்டிய வீடு. வளைந்து நெளியும் இரும்புக் கம்பி, சுவரெல்லாம் பீங்கான் பூ, கதவிலும் ஜன்னலிலும் நேர்கோடு என்று ஒன்று தேடினாலும் கிடைக்காது. யூதர்கள் என்று அந்தக் குடும்பத்தை நாற்பத்து நாலில் நாஜி முகாமுக்கு ரயிலேற்றினார்கள், ஒருவர்கூடத் திரும்பவில்லை. பிறகு கம்யூனிஸ்ட் அரசாங்கம் வீட்டை எடுத்துக்கொண்டு, அறைக்கு அறை ஒட்டுப்பலகை அடித்து, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று குடும்பங்களை அடைத்தது. இப்போது முதல் இரண்டு மாடியும் மியூசியம். மூன்றாம் மாடியில் பழைய வாடகைக்காரர்கள் சாகும்வரை இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு.

மரத்தரை கீறக்கூடாது என்று, வருகிறவர்களுக்குக் காலணிமேல் மாட்டக் கம்பளிச் செருப்பு கொடுப்பதும் என் வேலைதான். மியூசியம் திறந்து மூன்றாவது மாதம், ஒரு புதன்கிழமை, பென்ஷன்காரர்களுக்கு இலவச நாள். கறுப்பு ஸ்கார்ஃப் கட்டிய ஒரு கிழவி உள்ளே வந்தாள். செருப்பை நீட்டினேன்.

"அக்கா, இதை மாட்டிக்குங்க."

"எதுக்கு?"

"தரை கீறிடும்க்கா."

"இந்தத் தரையை ஆறு வருஷம் முட்டி போட்டுத் தேய்ச்சவ நான். என் காலு இதைக் கீறாது."

"யாரா இருந்தாலும் சட்டம் ஒண்ணுதான்க்கா."

"சட்டமா? இந்த வீட்டுலயா? நல்லா இருக்கு போ."

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினாள். மற்றவர்கள் நுழைந்ததும் வாயைப் பிளந்து கூரையைப் பார்ப்பார்கள். இவள் எதையும் பார்க்கவில்லை. பீங்கான் பூவும் பித்தளை விளக்கும் தனக்குச் சம்பந்தமில்லாத மாதிரி, செருப்பை இழுத்து இழுத்து நேராக இரண்டாம் மாடிச் சாப்பாட்டு அறைக்குப் போனாள். வழி கேட்காமல் போனதால் எனக்குச் சந்தேகம் வந்தது. பின்னாலேயே போனேன்.

அந்த அறையில்தான் எங்கள் மியூசியத்தின் பெருமையான ஜன்னல் இருக்கிறது. ஆறு கண்ணாடிப் பலகைகள், அவற்றின் மேல் சிவப்புக் கசகசாப் பூக்கள். ஊர் காலண்டரில்கூடப் போட்டிருக்கிறார்கள். ஆறாவது பலகை மட்டும் இல்லை, அங்கே வெறும் கண்ணாடி. அதற்குக் கீழே பித்தளைத் தகடு ஒன்று. அவள் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி அந்தத் தகட்டைப் படித்தாள். படித்து முடித்தவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு அதன்மேல் துப்பினாள்.

"ஐயோ, என்னக்கா இது!"

"உனக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"சத்தமாப் படி."

என்னை ஏன் அதட்டுகிறாள் என்று கோபம் வந்தாலும் படித்தேன். "ஆறாவது பலகை 1984இல் இவ்வறையில் குடியிருந்த கண்ணாடித் தொழிலாளி சாபின் காவ்ரிஷ் என்பவரால் திருடப்பட்டது. மற்ற ஐந்தும் அப்போதைய வீட்டுக் கமிட்டித் தலைவர் ரொமுலுஸ் போத்யாவின் விழிப்பான காவலால் தப்பின."

"சாபின் என் புருஷன்" என்றாள்.

கைக்குட்டையால் தகட்டைத் துடைத்தது நான்தான். அவள் அதற்குள் இறங்கிப் போய்விட்டாள், கம்பளிச் செருப்போடேயே. அடுத்த புதன்கிழமைதான் திருப்பிக் கொடுத்தாள், துவைத்து இஸ்திரி போட்டு.

அதன் பிறகு ஒவ்வொரு புதனும் வந்தாள். என் கவுண்டர் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக, திட்டித் திட்டித்தான் கதையைச் சொன்னாள்.

சாபின் வீட்டுப் பராமரிப்புக் கூட்டுறவில் கண்ணாடி போடுகிறவன். அதிகம் பேசமாட்டான், விரலில் எப்போதும் பிளாஸ்திரி. சாப்பாட்டு அறையில் ஒட்டுப்பலகைக்கு இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் ஒரு தையல்காரக் குடும்பம். ஜன்னல் இவர்கள் பாதியில் விழுந்தது, குளிரும் இவர்கள் பாதியில்தான் விழுந்தது. எண்பத்து நாலு இலையுதிர் காலத்தில் புயலில் ஆறாவது பலகையின் ஈயம் விட்டுப்போய்க் கண்ணாடி ஆடியது. பழுது பார்க்கச் சொல்லி மூன்று தடவை எழுதிக் கொடுத்தும் ஒருவரும் வரவில்லை. சாபின் தானே அதைக் கழற்றிச் சமையல் மேசைமேல் பரப்பினான். ஒவ்வொரு துண்டையும் சோப்புத் தண்ணீரில் கழுவி, புது ஈயம் வைத்தான். பதினோரு பூவிதழ் மாட்டியாயிற்று, இன்னும் நாலுதான் பாக்கி.

ரொமுலுஸ் போத்யா அப்போது வீட்டுக் கமிட்டித் தலைவர். யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், யார் வீட்டில் யார் தங்குகிறார்கள், எல்லாம் அவர் கைக்குள். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, குடிவைக்க ஓர் இடம் வேண்டும். எழுதினார் ஒரு கடிதம். அரசாங்கச் சொத்தான பழைய கண்ணாடியைக் கழற்றி விற்கிறான் என்று. போலீஸ் வந்தபோது கண்ணாடி மேசைமேல் இருந்தது. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? அந்தப் பலகையையும் எடுத்துக்கொண்டு போனார்கள், அது திரும்பவே இல்லை.

"கைல ஈயம் ஒட்டியிருந்துச்சு, கழுவக்கூட விடல" என்றாள் வெட்டூரியா. "எம்மவ லவீனியாவுக்கு ஆறு வயசு. 'அப்பா, பூ முடியலையே'ன்னு கத்தினா. அந்த ரொமுலுஸ் கதவுகிட்ட நின்னு பாத்துட்டிருந்தான், அளவெடுக்கற மாதிரி. சுவத்தையெல்லாம் பாத்தான்!"

சாபினுக்கு மூன்று வருஷம். ஒன்றரை வருஷத்தில் நெஞ்சு கெட்டுப்போய்த் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முன்பே தாயையும் மகளையும் ஊர்க்கோடியில் ஒரு தொழிலாளர் விடுதிக்கு விரட்டியாகிவிட்டது. மாடிக்கு ஒரே குழாய், அதற்கு முன்னால் வரிசை. எண்பத்தேழு ஏப்ரலில் சாபின் அங்கேயே இறந்தான். பள்ளிக்கூடத்தில் லவீனியாவுக்குக் 'கண்ணாடித் திருடன் பொண்ணு' என்று பெயர். படித்து முடித்ததும் ஸ்பெயினுக்குப் போனவள் ஒரு தடவைகூட இந்த ஊருக்கு வரவில்லை. வெட்டூரியா முப்பத்தோரு வருஷம் ரொட்டித் தொழிற்சாலையில் நின்றாள். ஒரு நாளும் இந்தத் தெருவில் நடந்ததில்லை, பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவாள்.

"பின்ன இப்ப ஏன்க்கா வந்தீங்க?"

"காலண்டர்ல அந்தப் பூவைப் பாத்தேன். அவன் கழுவின பூவும் திரும்பி வந்திருக்கும், ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். இவனுங்க பித்தளைல திருடன்னு எழுதி வெச்சிருக்கானுங்க. செத்தும் விடல பாரு."

எங்கள் இயக்குநர் கொரினா மேடத்திடம் நானே அவளை அழைத்துப் போனேன். மேடம் நல்லவர்தான், ஆனால் காகிதம் இல்லாமல் மூச்சுக்கூட விடமாட்டார். கையை விரித்தார்.

"அம்மா, எனக்குப் புரியுது. ஆனா கோர்ட் தீர்ப்புல அப்படித்தான் இருக்கு. அப்ப இருந்தவங்கள்ல உயிரோட இருக்கறது போத்யா ஒருத்தர்தான். அவர் சொன்னதைத்தான் எழுதியிருக்கோம்."

"அவன் சொன்னா வேதமா?"

"அவரே மாத்தி எழுதிக் குடுத்தா, மறுநாளே தகட்டை மாத்திடறேன். என் வார்த்தை."

ஆக விஷயம் இப்போது ஒரே ஆள் வாயில் நின்றது. அந்த ஆள் எங்கள் தலைக்கு மேலேயே, மூன்றாம் மாடியில் இருந்தார். எண்பத்து நாலு வயது, வெள்ளை மீசை, கையில் எப்போதும் துணிப்பை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் மேடம் அவரைக் கூப்பிட்டு 'இந்த வீட்டைக் காப்பாற்றிய தாத்தா' என்று அறிமுகப்படுத்துவார். கட்சிக்காரராக இருந்த காலத்தில் கோயில் பக்கம் திரும்பாதவர், இப்போது கோயிலைக் கடக்கும்போதெல்லாம் மூன்று தடவை சிலுவை போட்டுக்கொள்கிறார். கெட்டது அண்டாமலிருக்க எச்சில் துப்புகிறார், மரத்தைத் தட்டுகிறார், பதின்மூன்றாம் தேதி வெளியே வருவதில்லை. இத்தனை பயம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததுண்டு.

வெட்டூரியா அவரை மாடிப்படியின் அடியில் மறித்தாள். நான் கவுண்டரில் இருந்தேன், எல்லாம் கேட்டது.

"என்னைத் தெரியுதா, தோழரே?"

அவருக்குத் தெரிந்தது. அந்தச் சொல்லைக் கேட்டதும் மீசை துடித்தது.

"வெட்டூரியாவா? உசிரோட இருக்கியா? நல்லாயிரு."

"நல்லாத்தான் இருக்கேன். மேல வந்து அந்தம்மாகிட்ட ரெண்டு வரி எழுதிக் குடு. சாபின் திருடல, பழுது பாத்தான். நான் ரூமுக்காகப் பொய் எழுதினேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் கேக்கல."

"முப்பத்தஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப எதுக்குக் கிளர்ற?"

"எம்புருஷன் பேரு பித்தளைல கெடக்கு."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவே மாட்டேன். "செத்தவனுக்குப் பேரு என்னத்துக்கு? அவனா வந்து படிக்கப் போறான்? போய்ட்டு கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்து, போ" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஏறினார்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். ஆனால் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தாள். கை மட்டும் மாவு பிசைகிற மாதிரி ஸ்கார்ஃப் நுனியைப் பிசைந்துகொண்டே இருந்தது. "மெழுகுவத்தி ஏத்தச் சொல்றான்" என்றாள். "சரி, ஏத்தறேன்."

மியூசியம் திறந்து ஒரு வருஷம் ஆனதும் மேடம் விழா வைத்தார். பாதிரியார் வந்து வீட்டை ஆசீர்வதித்து, இங்கே வாழ்ந்தவர்களுக்காக ஜெபம் செய்வதாக ஏற்பாடு. நான் ஹங்கேரிக்காரி, கால்வினிஸ்ட் சபை, எங்களுக்கு இந்தச் சடங்கெல்லாம் கிடையாது. ஆனால் ருமேனியர்களின் வழக்கம் சின்ன வயதிலிருந்தே தெரியும். இரண்டு தாள். ஒன்றில் உயிரோடு இருப்பவர்கள் பெயர், சுகம் வேண்டி. இன்னொன்றில் மேலே சிலுவை போட்டு இறந்தவர்கள் பெயர். குடும்பப் பெயர் கிடையாது, ஞானஸ்நானப் பெயர் மட்டும். பாதிரியார் வரிசையாக வாசிப்பார். தாள் மாறிவிட்டால் மட்டும் அவ்வளவுதான். உயிரோடு இருப்பவனைச் செத்தவர்கள் தாளில் வாசித்துவிட்டால், அவன் அந்த வருஷத்தைத் தாண்டமாட்டான் என்று கிழவிகள் சொல்வார்கள். அதனாலேயே தாளைப் பெட்டியில் போடும்முன் நாலு தடவை சரிபார்ப்பார்கள். இந்த வீட்டைக் கட்டிய யூதக் குடும்பத்தின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது என்பது வேறு விஷயம், அதற்காக நான் மேடத்திடம் தனியாகச் சண்டை போட்டேன்.

பெயர்களை வாங்கிச் சேர்ப்பது என் வேலை. வெட்டூரியா அன்று காலையிலேயே வந்து மடித்த தாள் ஒன்றைக் கொடுத்தாள். மேலே பெரிய சிலுவை. பிரித்துப் பார்த்தேன். முதலில் சாபின். அதற்கு நேர் கீழே, அதே பேனாவில், ரொமுலுஸ்.

"அக்கா, இது..."

"எழுத்து தெரியலையா?"

"அந்தாளு மேலதானே இருக்காரு. காலைல ரொட்டி வாங்கிட்டுப் போனாரு."

"செத்தவனுக்குப் பேரு எதுக்குன்னு கேட்டான்ல? எதுக்குன்னு காட்டறேன். நீ வேணும்னா எடுத்துக் கிழிச்சிடு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கிழித்திருக்கலாம். ஒரு பெரிய மனுஷனைச் சாகச் சொல்லி எழுதிய தாளை எடுத்துக் கிழிப்பதுதான் கிறிஸ்தவப் பெண்ணுக்கு அழகு. நான் படியில் கேட்ட சிரிப்பை நினைத்துக்கொண்டேன். மடித்து மற்ற தாள்களோடு வைத்தேன். தாள்கட்டில் முதலாவதாகவே வைத்தேன்.

சாப்பாட்டு அறை நிறைந்திருந்தது. நடுவில் மேசைமேல் கொலிவா, அதுதான் இறந்தவர்களுக்காக வேகவைத்த கோதுமையும் வால்நட்டும் சர்க்கரையும், மேலே சாக்லேட்டில் சிலுவை. கறுப்பு ஓவர்கோட்டும் பளபளக்கும் ஷூவும் அணிந்த பெரிய மனிதர்கள் எல்லோரும் கம்பளிச் செருப்பில் வழுக்கி வழுக்கி நின்றார்கள். ரொமுலுஸ் முன்வரிசையில், சட்டையில் ஒரு பூ. ஃபாதர் இயுஸ்டின் இளவயசுக்காரர், இந்தப் பங்குக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, யாரையும் தெரியாது. நல்ல கனத்த குரல். சிலுவை போட்ட தாள்களை எடுத்தார்.

"உம் அடியார்கள் சாபின், ரொமுலுஸ்..."

ரொமுலுஸ் சிலுவை போட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது. ஃபாதர் மேலே போய்க்கொண்டிருந்தார். இன்னும் பதினெட்டு இருபது பெயர்கள். முடிவில் எல்லோரும் சேர்ந்து 'நித்திய நினைவு உண்டாவதாக' என்று மூன்று தடவை பாடினார்கள், கொலிவாத் தட்டைக் கையில் தூக்கி மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே. தட்டு தனக்கு எட்டும் தூரத்தில் வந்தும் அவர் கை வைக்கவில்லை. முகம் சுண்ணாம்பு மாதிரி ஆகிவிட்டது. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். கடைசி வரிசையில், ஜன்னலுக்குப் பக்கத்தில், வெட்டூரியா எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

ஜெபம் முடிந்த கையோடு அவர் ஃபாதரிடம் போய்த் தாளைப் பிடுங்கிப் பார்த்தார். ஃபாதருக்கு ஒன்றும் புரியவில்லை. "வேற ஒரு ரொமுலுஸா இருக்கும் ஐயா, ஊர்ல எத்தனை பேரு" என்றார். ரொமுலுஸ் மேலே இருந்த சாபின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் ஓடிவந்து என்னைத்தான் திட்டினார், உனக்கு இந்த வழக்கம் தெரியாது, தாளை மாற்றி வைத்துவிட்டாய் என்று. ஆமாம் மேடம், தப்புதான், நாங்கள் கால்வினிஸ்ட், எங்களுக்கு என்ன தெரியும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் வெட்டூரியாவைத் தேடிக்கொண்டு என் கவுண்டருக்கு வந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து கொலிவா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீதான எழுதின?"

"ஆமா."

"பாவம்டி அது! எடுத்துடு!"

"வாசிச்சாச்சே. வாசிச்சதை எங்க போய் எடுக்கறது? நாளைக்கு உன் பங்குக் கோயில்ல குடுக்கறேன். நாளன்னிக்கு ஆத்துக்கு அந்தப் பக்கம். ஏழு கோயில் இருக்கு தோழரே, எனக்கு டிராம் பாஸ் இருக்கு."

"நான் இதையெல்லாம் நம்பறவன் இல்ல!"

"அப்ப உனக்கென்ன? பேசாம போ."

வெட்டூரியா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே போனாள். முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு கோயில். நாற்பது வழிபாட்டில் தொடர்ந்து வாசிக்கும்படி இரண்டு இடத்தில் எழுதியே கொடுத்துவிட்டாள். அங்கெல்லாம் யாருக்கும் தெரியாது, அது இன்னும் சூப் குடித்துக்கொண்டிருக்கிற மனிதன் என்று.

"அக்கா, போதும். நிஜமா ஏதாவது ஆயிடப் போவுது."

"ஆனா ஆகட்டும்."

"உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருதா?"

"எண்பத்து நாலுக்கப்புறம் இப்பத்தான் நல்லாத் தூங்கறேன், எதெல்கா. உண்மையச் சொல்றேன்."

மேலே அவருக்குத் தூக்கம் போயிற்று. கோயில் கோயிலாகப் போய், தாள்களைக் காட்டச் சொல்லி மெழுகுவத்தி விற்கும் கிழவிகளிடம் கெஞ்சினாராம், அவர்கள் விரட்டிவிட்டார்களாம். ஃபாதர் இயுஸ்டின் 'ஆண்டவர் தாள் பார்த்து ஆளைக் கூட்டிக்கொள்ள மாட்டார்' என்று எவ்வளவோ சொல்லியும் நம்பவில்லை. தலைசுற்றுகிறது என்பார், மார் படபடக்கிறது என்பார். டாக்டர் ஒன்றுமில்லை, வயசுதான் என்றார். ஒன்றுமில்லை என்று சொன்னதும் இன்னும் பயந்தார். ஒரு மாதத்தில் சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொங்க ஆரம்பித்தது. படியில் என்னைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்ப்பார், தான் என் கண்ணுக்குத் தெரிகிறோமா என்று சோதிக்கிற மாதிரி. பாவம் என்று தோன்றவேண்டும். எனக்குத் தோன்றவில்லை.

ஆறாவது வாரம், புதன்கிழமை பதினோரு மணிக்கு, அவர் துணிப்பை இல்லாமல் இறங்கி வந்தார். வெட்டூரியா ஜன்னல் அருகில் இருந்தாள். நேராக மேடத்தின் அறைக்குப் போய், சாட்சிக்கு என்னையும் அவளையும் கூப்பிடச் சொன்னார். மேசையில் உட்கார்ந்து எழுதினார். இரண்டு வரியில் நிறுத்தப் பார்த்தார்.

"எதுக்காகன்னு எழுது" என்றாள் வெட்டூரியா.

"அதான் பொய்ன்னு எழுதிட்டேனே."

"ரூமுக்காகன்னு எழுது. மகளுக்காகன்னு எழுது. ஆடிட்டிருந்த கண்ணாடியைப் பழுது பாக்கச் சொல்லி அவன் மூணு தடவை எழுதிக் குடுத்ததும் உன் கைக்குத்தான் வந்துச்சுன்னு எழுது."

எழுதினார். கையெழுத்துப் போட்டபோது பேனா தாளைக் கிழித்தது. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். அவர் குடிக்கவில்லை. வெட்டூரியாவைப் பார்த்து, "இப்ப என் பேரை எடுத்துடுவல்ல?" என்று கேட்டார். குழந்தை கேட்கிற மாதிரி இருந்தது.

"எடுத்துடறேன்."

"சத்தியமா?"

"நான் பொய் எழுதறவ இல்ல."

மேடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மறுநாள் முடியவில்லை, மூன்றாவது வாரம் புதுத் தகடு வந்தது. அதில், சாபின் காவ்ரிஷ் இந்தப் பலகையைத் தன் சமையல் மேசையில் பழுது பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் அறையைத் தன் மகளுக்குப் பெறுவதற்காக வீட்டுக் கமிட்டித் தலைவர் ரொமுலுஸ் போத்யா பொய்ப் புகார் கொடுத்ததாகவும், சாபின் சிறையில் நோயுற்று, வெளியே வந்து இறந்ததாகவும் முழுப் பெயரோடு எழுதியிருந்தது. 'மூன்றாம் மாடியில் வசிக்கும்' என்றும் சேர்க்கச் சொல்லி வெட்டூரியா ஒரு மணி நேரம் வாதாடினாள், மேடம் மறுத்துவிட்டார். தகட்டைப் போட்டோ எடுத்து லவீனியாவுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, 'எழுத்து ஏன் இவ்வளவு சின்னதா இருக்கு?' என்று ஒரே ஒரு வரி. வெட்டூரியா அதைப் படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அழுதாள்.

அவர் எழுதிக் கொடுத்த அந்த வாரச் சனிக்கிழமையே நானும் அவளோடு கோயிலுக்குப் போனேன். சொன்னபடி பெயரை எடுக்கிறாளா என்று பார்க்கத்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. செத்தவர்கள் தாளில் சாபின் மட்டும். பிறகு இன்னொரு தாள் எடுத்தாள், சிலுவை போடாத தாள். முதல் பெயராக, கொட்டை எழுத்தில், ரொமுலுஸ் என்று எழுதினாள்.

"என்னக்கா, மன்னிச்சிட்டீங்களா?"

"மன்னிக்கறதா?" அவள் என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அவனுக்கு நல்ல சுகம் குடு, நல்ல கண்ணு குடு, நூறு வயசு குடுன்னு வேண்டிக்கறேன். தினம் படியேறணும்ல."

வேண்டுதல் பலிக்கிற மாதிரிதான் இருக்கிறது. பயம் விட்டதும் அவருக்குப் பசி வந்தது, தூக்கம் வந்தது, கன்னம்கூடக் கொஞ்சம் பூசியிருக்கிறது. ஆனால் பின்பக்கப் படி ரிப்பேருக்காக மூடிக் கிடக்கிறது. ரொட்டி வாங்கவும் மருந்து வாங்கவும் அவர் பெரிய படியில்தான் வரவேண்டும், இரண்டாம் மாடியில் திறந்து கிடக்கும் சாப்பாட்டு அறையைத் தாண்டித்தான் போகவேண்டும்.

போன புதன், க்ளூஜ் நகரத்திலிருந்து ஆசிரியர்கள் முப்பது பேர் வந்திருந்தார்கள், நானும் அவர்களோடு மேலே போனேன். தகட்டின் முன்னால் நின்று ஒரு அம்மாள் சத்தமாகப் படித்துக் காட்டினார். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். தாடிக்கார ஆசிரியர் ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "இப்படியும் மனுஷங்க! இந்தப் போத்யா எந்த வருஷம் செத்தான்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், ஜன்னல் ஓரத்து நாற்காலியிலிருந்து வெட்டூரியா எழுந்தாள். "சாகலைங்க. அதோ வர்றாரு" என்று வாசல் பக்கம் கையை நீட்டினாள்.

முப்பது தலையும் திரும்பின. துணிப்பையோடு படியில் ஏறிக்கொண்டிருந்த ரொமுலுஸ் அப்படியே நின்றார். கீழே இறங்கலாமா என்று ஒரு தடவை பார்த்தார். கீழே என் கவுண்டரில் இன்னொரு கூட்டம் தானே செருப்பு எடுத்து மாட்டிக்கொண்டிருந்தது. தாடிக்காரர் கையிலிருந்த போனை மெதுவாக உயர்த்தினார்.

வெட்டூரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கு வந்து, கைப்பிடி ஓரமாக ஒதுங்கி நின்றாள். "வழி விடுங்கப்பா, வயசானவரு" என்றாள். "அவசரமில்ல, மெதுவா ஏறட்டும்."